வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வேலை பார்த்த செலவு வரியில் கழியுமா? யாருக்குக் கழியும், யாருக்குக் கழியாது

மார்ச் பிறந்து வருமான வரிப் படிவம் வந்ததும் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். "சமையலறைக்கு முப்பதாயிரம் வெள்ளி கொட்டியிருக்கேன் அண்ணே, வரியில ஏதாவது கழிக்க முடியுமா?" நீங்களே குடியிருக்கும் வீடு என்றால் ஒரு காசு கழியாது. ரெனவேஷன் செலவு, வீட்டுக் கடன் வட்டி, நீங்கள் கட்டும் வாடகை என எதற்கும் சிங்கப்பூரில் தனிநபர் வரிக் கழிவு கிடையாது. பெற்றோரைப் பராமரிக்கிறவர், தேசிய சேவை செய்தவர், மசேநிதியில் (மத்திய சேம நிதி) கூடுதலாகப் பணம் போடுகிறவர் என்றெல்லாம் கழிவுகள் இருக்கின்றன, வீட்டை அழகுபடுத்துகிறவருக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகளுக்கு இதை நம்பவே முடியாது. அங்கே சம்பளத்தில் வீட்டு வாடகைப் படி என்று தனியாக ஒன்று வரும், வீட்டுக் கடன் வட்டிக்கு ஒரு கழிவு உண்டு, வீட்டை விற்கும்போது மேம்பாட்டுச் செலவை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ரசீதுகளை ஒரு கோப்பில் கட்டி வைத்திருப்பார்கள். இங்கே மூலதன ஆதாய வரியே கிடையாது. குடியிருந்த வீட்டை விற்று வரும் லாபத்துக்கு வரி இல்லை என்னும்போது அந்த லாபத்திலிருந்து எதைக் கழிப்பது? அந்தக் கோப்பு காண்ட்ராக்டரோடு தகராறு வந்தால் உதவும், வரிக்கு உதவாது.

சரி, யாருக்குத்தான் கழியும்? வாடகை வாங்குகிறவருக்கு. அவருக்கும் எல்லாம் கழியாது.

முதலில் வாடகைக்கு விடுகிறவர்கள்

முழு வீட்டையோ ஓர் அறையையோ வாடகைக்கு விட்டால் வரும் பணம் வருமானம், அதற்கு வரி உண்டு. அந்த வாடகையைச் சம்பாதிக்க ஆன செலவைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வரி. இந்த இடத்தில்தான் வீட்டு வேலைச் செலவு உள்ளே வருகிறது. உள்நாட்டு வருவாய் ஆணையம் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இது பழுது பார்த்ததா, இல்லை வீட்டுக்குப் புதிதாக ஒன்றைச் சேர்த்ததா? இருந்ததை இருந்த நிலைக்குக் கொண்டுவந்தால் அது பழுதுபார்ப்பு, கழியும். இல்லாததைக் கொண்டுவந்தால், இருந்ததைவிட ஒரு படி உயர்த்தினால், அது மேம்பாடு, கழியாது.

கேட்கச் சுலபமாக இருக்கும், பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும்போதுதான் குழப்பம் வரும். வாடகைக்கு விட்ட அறையில் ஏர்கான் ஒழுகுகிறது, ஆள் கூப்பிட்டுச் சுத்தம் செய்து கேஸ் அடைத்தீர்கள், அது கழியும். அதே ஏர்கான் செத்தே போய்விட்டது, அதே அளவில் வேறொன்று வாங்கி மாட்டினீர்கள், அதுவும் கழியும், ஏனென்றால் பழையதற்குப் பதில் புதியது. ஆனால் ஏர்கானே இல்லாத அறைக்கு வாடகையைக் கூட்டிக் கேட்கலாமே என்று முதல்முறையாக ஏர்கான் போட்டால் கழியாது. கட்டில், மெத்தை, அலமாரி, ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். முதல் தடவை வாங்கியது உங்கள் முதலீடு, மாற்றி வாங்கியது வாடகைச் செலவு. மங்கிப்போன சுவருக்குத் திரும்ப வண்ணம் அடிப்பது, ஒழுகும் குழாயை மாற்றுவது, பூச்சி மருந்து அடிப்பது கழியும். சுவரை இடித்துச் சமையலறையைத் திறந்தவெளியாக்குவதோ, தச்சர் வைத்துப் புதிதாக அலமாரி அடிப்பதோ கழியாது.

நேரமும் முக்கியம். முதல் வாடகைதாரர் வருவதற்கு முன்னால் வீட்டைத் தயார்படுத்தச் செய்த செலவு எதுவும் சேராது, அது வெறும் வண்ணப் பூச்சாக இருந்தாலும். முதல் வாடகைதாரரைப் பிடித்துக்கொடுத்த ஏஜண்டின் கமிஷனும் அப்படித்தான். அதன்பிறகு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவோ அடுத்த ஆளைக் கொண்டுவரவோ கொடுத்த கமிஷன் கழியும். வீட்டுக் கடனில் வட்டி கழியும், அசல் கழியாது. மாதத் தவணையை அப்படியே எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது தப்பு. கடன் கொடுத்த இடத்திலிருந்து வருடாந்தர அறிக்கையை எடுத்து வட்டியை மட்டும் பிரித்துப் போடுங்கள்.

ஓர் அறையை மட்டும் விட்டுவிட்டு நீங்களும் அதே வீட்டில் இருக்கிறீர்கள் என்றால் செலவையும் பங்கு போட வேண்டும். அந்த அறைக்கென்றே செய்தது முழுதாக வரும். வீடு முழுக்கச் செய்தது, மின்சாரம், தண்ணீர், இணையம், கடன் வட்டி ஆகியவை அறைகளின் எண்ணிக்கையையோ பரப்பளவையோ வைத்து நியாயமான ஒரு விகிதத்தில் வரும். உங்கள் படுக்கையறைக்குப் போட்ட புது விளக்கை வாடகைக் கணக்கில் எழுத முடியாது.

15 விழுக்காடா, உண்மைச் செலவா?

இவ்வளவு தலைவலி எதற்கு என்று நினைப்பவர்களுக்காகவே ஒரு வழி இருக்கிறது. 2016 கணிப்பு ஆண்டிலிருந்து (வரியைக் கணக்கிடும் ஆண்டு), குடியிருப்பு வீட்டை வாடகைக்கு விடுகிற தனிநபர்கள் மொத்த வாடகையில் 15 விழுக்காட்டைச் செலவு என்று நேரடியாகக் கழித்துக்கொள்ளலாம். கடன் வட்டியை அதற்கு மேல் தனியாகக் கழிக்கலாம். ஊரில், அதாவது இந்தியாவில், 30 விழுக்காடு தருவார்கள், இங்கே அதில் பாதி, ஆனால் ரசீது கேட்க மாட்டார்கள். வாடகை ஒப்பந்தமும் வட்டிக்கான ஆவணமும் இருந்தால் போதும். ஒரு வீட்டுக்கு 15 விழுக்காடு, இல்லை உண்மைச் செலவு, இரண்டில் ஒன்றுதான். 15-ஐயும் எடுத்துக்கொண்டு ஏர்கான் பில்லையும் சேர்த்துப் போட முடியாது.

எதை எடுப்பது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஓர் அறை மாதம் 1,200 வெள்ளி, வருடத்துக்கு 14,400. அதில் 15 விழுக்காடு 2,160 வெள்ளி. உண்மையில் ஆனது என்ன? ஏர்கான் பழுது 280, அந்த அறைக்கு வண்ணம் 350, மெத்தை மாற்றியது 300, மின்சாரம் தண்ணீர் இணையத்தில் அந்த அறையின் பங்கு 900, ஆக மொத்தம் 1,830. 2,160-ஐ எடுத்துக்கொண்டு ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடலாம். அறை மட்டும் விடுகிற பெரும்பாலானவர்களுக்கு 15 விழுக்காடுதான் லாபம்.

முழு வீடு என்றால் கணக்கு மாறலாம். மாதம் 3,000, வருடத்துக்கு 36,000, அதில் 15 விழுக்காடு 5,400. அந்த வருடம் சொத்து வரி 1,700, ஒப்பந்தம் புதுப்பிக்க ஏஜண்டுக்கு 1,500, வீடு முழுக்க வண்ணம் 1,900, ஃபிரிட்ஜும் துவைக்கும் இயந்திரமும் மாற்றியது 1,500, குழாய் வேலை 500 என்று போனால் 7,100 வருகிறது. உண்மைச் செலவைப் போடுங்கள். எவ்வளவு மிச்சம் என்பதையும் பார்த்துவிடுங்கள். 15 விழுக்காட்டைவிட 1,700 வெள்ளி கூடுதலாகக் கழிகிறது, உங்கள் வருமானம் 7 விழுக்காடு வரி அடுக்கில் இருந்தால் கையில் நிற்பது 119 வெள்ளி. 11.5 விழுக்காடு அடுக்கில் இருந்தால் 195 வெள்ளி 50 காசு. வரியில் கழியும் என்று யாராவது ஆசை காட்டித் தேவையில்லாத வேலையைத் தலையில் கட்டப் பார்த்தால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

செலவு வாடகையை மிஞ்சிவிட்டால் அந்த நஷ்டத்தைச் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் எடுத்துப் போக முடியாது. பெரிய பழுதுகளை ஒரே வருடத்தில் குவித்தால் பலன் கிடைக்கும் என்று சொல்பவர்கள் இதை விட்டுவிட்டுத்தான் சொல்கிறார்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால் வாடகையும் இருவருக்கும் உரிமைப் பங்குப்படி பிரியும். வருமானம் குறைவாக உள்ளவர் பெயரிலேயே முழுதாகக் காட்டிவிடலாம் என்பது நடக்காது.

பில்லை எப்படி வாங்குவது

உண்மைச் செலவு போடப் போகிறீர்கள் என்றால் விஷயம் இங்கேதான் நிற்கிறது. நம் காண்ட்ராக்டர்கள் பலர் வாட்ஸ்அப்பில் ஒரே வரியாக அனுப்புவார்கள்: "டாய்லெட், கிச்சன், பெயின்டிங் எல்லாம் சேர்த்து 8,500." இதை வைத்துக்கொண்டு எது பழுது, எது மேம்பாடு என்று யாராலும் பிரிக்க முடியாது, பிரிக்க முடியாததைக் கழிக்கக் கேட்பதும் கஷ்டம். வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: அண்ணே, வண்ணம் ஒரு வரி, குழாய் மாற்றுவது ஒரு வரி, புது அலமாரி ஒரு வரி என்று தனித்தனியாக விலை போட்டுக் கொடுங்கள். வேலை முடிந்து பணம் கைமாறிய பிறகு கேட்டால் அவர் போனையே எடுக்க மாட்டார். வீட்டு முகவரியும் தேதியும் பில்லில் இருக்கட்டும், பழுதான குழாயையோ ஊறிப்போன சுவரையோ சரி செய்வதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் 5 வருடம் வைத்திருக்க வேண்டும்.

பில்லில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி போட்டிருந்தால் அதில் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். வருட வியாபாரம் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்கள் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், சிறிய ஆட்கள் பலர் பதிவே செய்திருக்க மாட்டார்கள். பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கக் கூடாது. ஆணையத்தின் இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். 8,500-க்கு 9 விழுக்காடு 765 வெள்ளி. மேலே கணக்குப் போட்ட 119-ஐவிட இதைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

ஹாலைத் தடுத்து அறை போடுவது பற்றி

வாடகை ஏறியதிலிருந்து ஹாலில் பலகை வைத்துத் தடுத்து ஓர் அறையை உருவாக்கலாமா என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். வேண்டாம். வீவக கட்டிக்கொடுத்த படுக்கையறைகளை மட்டும்தான் வாடகைக்கு விடலாம், தடுத்துப் போட்ட அறையை விட முடியாது. அது மேம்பாடு என்பதால் வரியிலும் கழியாது, விதிமீறல் என்பதால் வீடே கையைவிட்டுப் போகிற அளவுக்குப் போகலாம். அறையை விடுவதற்கும் மூவறை அல்லது அதைவிடப் பெரிய வீடாக இருக்க வேண்டும், முழு வீட்டை விடக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் (உரிமையாளர் தானே குடியிருக்க வேண்டிய காலம்) முடிந்திருக்க வேண்டும், நிரந்தரவாசிகள் முழு வீட்டை விட முடியாது. இதெல்லாம் வரிக்கு முந்தைய விஷயம் என்றாலும், அனுமதி வாங்காமல் விட்டு அந்த வாடகையைப் படிவத்தில் காட்டவும் பயந்து மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாடகையைக் குறைத்துக் காட்டினால் அதனால் கட்டாமல் விட்ட வரியைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் விழலாம், வேண்டுமென்றே ஏய்த்தது என்றால் இன்னும் மேலே போகும்.

சொத்து வரி

ரெனவேஷன் செய்தால் சொத்து வரி ஏறுமா என்றும் கேட்கிறார்கள். சொத்து வரி ஆண்டு மதிப்பின் மேல் வருவது. அதே வட்டாரத்தில் அதே மாதிரி வீடுகள் என்ன வாடகைக்குப் போகின்றன என்பதை வைத்துத்தான் அதைக் கணிக்கிறார்கள், மேசை நாற்காலி சோஃபா எல்லாம் அதில் சேராது. உங்கள் புது அலமாரியைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். ஏறுவது எப்போது என்றால் முழு வீட்டையும் வாடகைக்கு விட்டுவிட்டு நீங்கள் வேறு இடத்துக்குப் போகும்போது. 2025 முதல் சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டு மதிப்பில் முதல் 12,000 வெள்ளிக்கு வரி இல்லை. நீங்கள் குடியிருக்காத வீட்டுக்கு முதல் வெள்ளியிலிருந்தே 12 விழுக்காடு, அதாவது அதே 12,000-க்கு 1,440 வெள்ளி. வாடகை பேசும்போதே இதைச் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிடுங்கள்.

வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு

வெளிச்சந்தையில் வீவக வீட்டையோ அறையையோ எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள், உங்கள் காசில் ஏர்கான் மாட்டினீர்கள், திரைச்சீலை போட்டீர்கள் என்றால் வரியில் உங்களுக்கு ஒன்றும் கிடையாது. வாடகைக்கே கழிவு இல்லை, மாட்டியதற்கு எங்கிருந்து வரும். வாடகை ஒப்பந்தத்துக்கான முத்திரை வரியும் வழக்கமாக உங்கள் தலையில்தான் விழும், நாலு வருடம் வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, இங்கே கையெழுத்துப் போட்டால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும்.

ஆனால் உங்கள் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. பழுதுச் செலவை உரிமையாளர் கழிக்க முடியும், நீங்கள் முடியாது. அதனால் கெட்டுப்போன ஃபிரிட்ஜை நீங்கள் வாங்கி வைப்பதைவிட, "அக்கா, நீங்க வாங்கிப் போடுங்க, பில் உங்க பேர்ல வரட்டும், உங்களுக்கு வரியில உதவும்" என்று பேசிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. நான் வாங்கி வாடகையில் கழித்துக்கொள்கிறேன் என்று சொல்லும்போது கவனம் தேவை, உரிமையாளர் ஒப்பந்தத்தில் உள்ள முழு வாடகையையும்தான் வருமானமாகக் காட்ட வேண்டும். அப்படிச் செய்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், நாளைக்கு வாடகை பாக்கி என்று வராமல் இருக்கும். சின்னப் பழுதுகளில் முதல் சில நூறு வெள்ளியை வாடகைதாரர் ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தங்களில் இருக்கும், அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சுவர் இடிப்பது, கழிவறைத் தரையை மாற்றுவது மாதிரி அனுமதி வேண்டிய வேலைகளை உரிமையாளர் சம்மதம் இல்லாமல் தொடவே கூடாது.

வீவகவே வாடகைக்குக் கொடுக்கும் ஓரறை, ஈரறை வீடுகளில் இருக்கிறவர்களுக்கு வரிக் கழிவு என்ற பேச்சே பெரும்பாலும் பொருந்தாது, ஏனென்றால் வரிக்குரிய வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரியே இல்லை. வீட்டில் எதையாவது மாற்ற வேண்டும் என்றாலோ வயதானவருக்குக் கைப்பிடி வேண்டும் என்றாலோ உங்கள் கிளை அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டுக்காரர் அவர்கள்தான்.

காசு உண்மையில் கிடைக்கிற இடங்கள்

வரிப் படிவத்தில் தேடுவதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வாருங்கள். அரசாங்கம் வீட்டு வேலைக்கு உதவுவது வரி வழியாக இல்லை, மானியம் வழியாக. வேலைக்கு முன்பே கிடைப்பது அது.

பெரியது இல்ல மேம்பாட்டுத் திட்டம். 2007-இல் தொடங்கியது. முதலில் 1986 வரை கட்டிய வீடுகளுக்கு இருந்தது, 2018-இல் 1997 வரை கட்டியவற்றுக்கும் நீட்டித்தார்கள். கான்கிரீட் உதிர்வது, கழிவுநீர்க் குழாய், மின்சுமையைக் கூட்டுவது போன்ற அத்தியாவசிய வேலைகளுக்குச் சிங்கப்பூரர்கள் காசு கட்ட வேண்டாம். கழிவறையைப் புதுப்பிப்பது, வாசல் கதவு, இரும்புக் கதவு, குப்பை போடும் குழாயின் மூடி எல்லாம் விருப்பத் தேர்வு, அதில் உங்கள் பங்கு வீட்டைப் பொறுத்து மாறும். மூவறை வரை 5 விழுக்காடு, நாலறைக்கு 7.5, ஐந்தறைக்கு 10, எக்ஸிகியூட்டிவ் வீட்டுக்கு 12.5. சொந்த ரெனவேஷனுக்கு மசேநிதியைத் தொட முடியாது, இந்தப் பங்கை மசேநிதியிலிருந்தே கட்டலாம். புளோக்கில் தகுதியுள்ள சிங்கப்பூரர் குடும்பங்களில் 75 விழுக்காடு ஆதரித்து வாக்களித்தால்தான் திட்டம் வரும். அதனால் வாக்களிப்பு அறிவிப்பு வந்தால் அதைப் படிக்காமல் குப்பையில் போடாதீர்கள். உங்கள் புளோக் விரைவில் வரப்போகிறது என்று தெரிந்தால் கழிவறையை இப்போது சொந்தக் காசில் இடிக்காமல் பொறுத்திருங்கள்.

வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால் ஈஸ் திட்டம் இருக்கிறது. 60 முதல் 64 வயதுக்குள் இருந்து குளிப்பது, உடுத்துவது மாதிரி அன்றாடக் காரியங்களுக்குத் துணை தேவைப்படுகிறவருக்கும் கிடைக்கும். 2012-இல் வந்தது, 2024-இல் விரிவாக்கினார்கள். கழிவறைக் கைப்பிடிகள், வழுக்காத தரைப்பூச்சு, சாய்வுப் பாதை போன்றவற்றுக்குச் சிங்கப்பூரர் குடும்பங்களுக்கு 87.5 முதல் 95 விழுக்காடு வரை மானியம். அம்மா ஒருமுறை வழுக்கி விழுந்த பிறகு ஓடுவதைவிட இப்போதே போடுவது நல்லது.

மேல் வீட்டிலிருந்து உங்கள் கழிவறைக் கூரையில் தண்ணீர் ஒழுகினால் சண்டைக்குப் போகும் முன் வீவகவின் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதியில் மேல் வீட்டுக்காரர் பாதி, கீழ் வீட்டுக்காரர் பாதி. உங்களுக்குக் கால் பங்குதான்.

பருவநிலைப் பற்றுச்சீட்டுகளையும் மறந்துவிடாதீர்கள். வீவக குடும்பங்களுக்கு 2024-இல் 300 வெள்ளி, 2025-இல் மேலும் 100, சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) வழியாக எடுக்கலாம், 2027 டிசம்பர் 31 வரை செல்லும். மின்சாரம், தண்ணீர் குறைவாக எடுக்கும் ஃபிரிட்ஜ், ஏர்கான், எல்இடி விளக்கு, கழிவறைத் தொட்டி, குழாய் போன்றவற்றுக்குப் பயன்படுத்தலாம். வாடகைக்கு விட்ட இடத்தில் மாற்றுவதற்கு இதைப் பயன்படுத்தினால் பையிலிருந்து போன தொகையை மட்டும் செலவாக எழுதுங்கள்.

படிவம் போடும்போது

மார்ச் 1 முதல் ஏப்ரல் 18 வரை இணையத்தில் தாக்கல் செய்யலாம். சிங்பாஸ் போட்டு உள்ளே போனதும் சம்பளம் தானாகவே வந்து நிற்கும், வாடகை அப்படி வரும் என்று இருக்காதீர்கள், நீங்கள்தான் சேர்க்க வேண்டும். மொத்த வாடகை, அப்புறம் 15 விழுக்காடா உண்மைச் செலவா என்ற தேர்வு, அப்புறம் கடன் வட்டி. போன வருடத்தில் வந்த வாடகையையும் போன வருடச் செலவையும்தான் போட வேண்டும், இந்த ஜனவரியில் மாற்றிய துவைக்கும் இயந்திரம் அடுத்த வருடப் படிவத்துக்குப் போகும். மூன்று வருடத்துக்கு முன்னால் வாடகையைக் காட்டாமல் விட்டது இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்றால் அவர்கள் கேட்கும் முன் நீங்களே எழுதிச் சொல்லிவிடுங்கள், அதற்கு அபராதம் குறைவு.